மலையூர்க் கணினிகளுக்கு மென்பொருள் பொதிகள்: வாடகை வழங்கி இல்லாமலே கொடுக்கலாம்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள படிப்பகங்களிலும் பள்ளிகளிலுமாக 45 பழைய மடிக்கணினிகளில் டெபியன் 12 என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி நடத்திவருகிறீர்கள். தமிழ் எழுத்துணரி, தட்டச்சுப் பலகை, நூல் இரவல் பதிவேடு, பாடக் கோப்பு உலாவி என நான்கு மென்பொருள்களை நீங்களே மூலநிரலிலிருந்து தொகுக்கிறீர்கள், அதாவது ஓடத் தயாரான வடிவுக்கு மாற்றுகிறீர்கள். ஒவ்வொரு கணினியிலும் தொகுத்தால் மூன்று மணி நேரம் ஆகிறது என்பதால், மாதம் 800 ரூபாய்க்கு ஒரு மெய்நிகர் வழங்கியை (சர்வரை) வாடகைக்கு எடுத்து, தொகுத்த பொதிகளைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் களஞ்சிய மென்பொருள் ஒன்றை அதில் ஓட்டினீர்கள். வட்டு நிரம்பி அது இரண்டு முறை நின்றுபோனது. இதைவிட மலிவாகவும் அடிக்கடி கவனிக்காமலும் செய்ய வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. உங்கள் மாதச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடும். நான் குன்னூரில் இருந்துகொண்டு ஆறு ஆண்டுகளாக இதே வேலையைச் செய்துவருகிறேன். தொடக்கத்தில் நானும் உங்களைப் போலவே வழங்கியில்தான் கவனம் முழுவதையும் வைத்தேன். டெபியனில் பொதிகளை இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட் உண்மையில் வழங்கியிடம் என்ன கேட்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் வழி தெரிந்தது. ஆகவே அதையே முதலில் சொல்கிறேன்.

ஒரு கணினியில் ஆப்ட் புதுப்பித்தல் ஓடும்போது அது முதலில் ‘இன்ரிலீஸ்’ என்ற சிறிய கோப்பைக் கேட்கும். அதில் ஜிபிஜி என்ற கருவியால் நீங்கள் இட்ட மின்னணுக் கையொப்பம் இருக்கும். மற்ற அட்டவணைக் கோப்புகள் ஒவ்வொன்றின் அளவும், ஷா256 முறையில் கணக்கிட்ட ஹாஷ் எண்ணும் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘பேக்கேஜஸ்’ என்ற அட்டவணையைக் கேட்கும். பொதியின் பெயர், பதிப்பு, அது சார்ந்திருக்கும் பிற பொதிகள், பொதியைத் தாங்கிய டெப் கோப்பு இருக்கும் இடம், அதன் அளவு, அதன் ஹாஷ் எல்லாம் அந்த அட்டவணையில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். மூன்றாவதாக, நிறுவ வேண்டிய டெப் கோப்பை மட்டும் கேட்கும். அவ்வளவுதான். கோப்புறையில் என்னென்ன இருக்கின்றன என்று ஆப்ட் ஒருபோதும் கேட்பதில்லை. எந்தப் பதிப்பு புதியது என்று கணக்கிடுவதும், சார்புகளைத் தீர்ப்பதும், கையொப்பத்தைச் சரிபார்ப்பதும் உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே நடக்கின்றன. கேட்ட கோப்பை அப்படியே எடுத்துக் கொடுப்பது ஒன்றுதான் வழங்கியின் வேலை. கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லவும், பாதியில் நின்ற பதிவிறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தரவும் அதற்குத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. இணையப் பக்கங்களை அனுப்பும் எச்டிடிபி முறையில் பேசும் பெரும்பாலான வழங்கிகளுக்கு இவை தெரியும்.

நம் மலையில் சிறு தேயிலை விவசாயி எவரும் தோட்டத்துக்குத் தோட்டம் தொழிற்சாலை வைத்துக்கொள்வதில்லை. இலை ஓரிடத்தில் அரைபட்டு, பதம் பிரிந்து, மூட்டை கட்டி எண் எழுதப்பட்டுவிடும். அதன்பின் கிடங்குக்காரர் எண்ணைப் பார்த்து மூட்டையை எடுத்துக் கொடுத்தால் போதும். நீங்கள் தொகுக்கும் கணினிதான் தொழிற்சாலை. கிடங்கு வாடகைக்கு ஏன் இவ்வளவு கொடுக்கிறோம் என்பதுதான் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது.

இனிச் செலவுக் கணக்கு. உங்கள் நான்கு பொதிகளும் சேர்ந்து 80 எம்பி என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் ஒருமுறை நான்கையும் புதுப்பித்து, 45 கணினிகளும் முழுவதுமாக இறக்கிக்கொண்டால் 3,600 எம்பி, அதாவது 3.6 ஜிபி. தினமும் ‘புதிதாக ஏதாவது உண்டா’ என்று கேட்பதற்கு ஆகும் தரவு இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. மாற்றம் இல்லையென்றால் ‘மாறவில்லை’ என்ற ஒருவரிப் பதிலோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். மாதத்துக்கு 4 ஜிபி அனுப்ப ஒரு முழு மெய்நிகர் கணினியை இரவும் பகலும் ஓடவிட வேண்டியதில்லை.

எங்கே வைப்பது? இரண்டு இடங்களைச் சொல்கிறேன். இணையப் பக்கங்களை வைத்துக் கொடுக்கும் கிட்ஹப் பேஜஸ் இலவசம். ஆனால் அதில் ஒரு தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதப் போக்குவரத்து 100 ஜிபி அளவில் இருக்க வேண்டும், தனிக் கோப்பு 100 எம்பியைத் தாண்டக்கூடாது. போக்குவரத்தில் உங்களுக்குச் சிக்கல் வராது, இடத்தில்தான் வரும். மாதம் 80 எம்பி என்றால் ஓராண்டில் 1 ஜிபியைத் தொட்டுவிடுவீர்கள். பழைய பொதிகளை அழித்தாலும், அதன் பின்னால் உள்ள கிட் என்ற பதிப்புக் கண்காணிப்புக் கருவியின் வரலாற்றுக்குள் அவை அப்படியே தங்கியிருக்கும். இருமக் கோப்புகளைக் கிட்டுக்குள் போடுவது எனக்கு எப்போதுமே பிடிக்காத வேலை. ஆகவே நான் பரிந்துரைப்பது, கோப்புகளை இணைய முகவரியோடு வைத்துக் கொடுக்கும் கிளவுட்ஃபிளேரின் ஆர்2 போன்ற பொருள் சேமிப்பகத்தை. அதில் 10 ஜிபி வரை சேமிப்பு இலவசம், வெளியே போகும் தரவுக்குக் கட்டணமே கிடையாது. வேறு பெரிய சேமிப்பகங்களைப் பார்க்கும்போது இந்த இரண்டாவது செய்தியைத்தான் தேடிப் படிக்க வேண்டும். சேமிப்பு விலையை மலிவாகக் காட்டிவிட்டு, வெளியே அனுப்பும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனியாக வாங்குவது வழக்கமாக இருக்கிறது.

இங்கே ஒரு செலவை மட்டும் தயங்காமல் செய்யுங்கள்: சொந்தமாக ஒரு தளப்பெயர் வாங்குங்கள். 45 கணினிகளிலும் எழுதி வைக்கப்போகும் முகவரி அது. நிறுவனம் கொடுத்த முகவரியை எழுதிவிட்டால், நாளை அந்தச் சேவை நின்றாலோ விதி மாறினாலோ ஊர் ஊராகப் போய்க் கணினியைத் திறந்து மாற்ற வேண்டும். கட்டபெட்டிலிருந்து சோலூர்மட்டம் வரை சுற்றும் அந்த அலைச்சலுக்கு முன்னால் தளப்பெயரின் ஆண்டுக் கட்டணம் பெரிதல்ல. பெயர் உங்களுடையதாக இருந்தால், பின்னால் இருக்கும் சேமிப்பகத்தை ஒரே மாலையில் மாற்றிவிடலாம்.

அட்டவணைகளை உருவாக்கக் கருவிகள் டெபியனிலேயே உள்ளன. மிக எளியது ‘டிபிகேஜி-ஸ்கேன்பேக்கேஜஸ்’. டெப் கோப்புகள் இருக்கும் கோப்புறையைக் காட்டினால் பேக்கேஜஸ் அட்டவணையை எழுதித் தரும். ஒரே பொதியின் பல பதிப்புகள் இருந்தால் இயல்பாக அது ஒன்றை மட்டுமே எழுதும். எல்லாம் வேண்டுமென்றால் ‘மல்ட்டிவெர்ஷன்’ விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். பிறகு ‘ஆப்ட்-எஃப்டிபிஆர்க்கைவ்’ கொண்டு ரிலீஸ் கோப்பை எழுதி, ஜிபிஜியால் கையொப்பமிட்டால் இன்ரிலீஸ் தயார். இதெல்லாம் உங்கள் வீட்டுக் கணினியில் நடக்கிறது. நான்கே பொதிகள் என்பதால் இதுவே போதும். எண்ணிக்கை பெருகினால் ‘ஆப்ட்லி’ என்ற கருவிக்குப் போங்கள். குறிப்பிட்ட நாளின் நிலையை அப்படியே படம்பிடித்து வைத்து, தவறு நேர்ந்தால் முந்தைய நிலையை மறுபடி வெளியிட அது உதவும்.

ரிலீஸ் கோப்பில் ‘ஆரிஜின்’, ‘லேபிள்’ என்று இரண்டு வரிகள் உண்டு. அவற்றில் என்ன எழுதுவது என்று இன்றே முடிவு செய்துவிட்டு, பிறகு தொடாதீர்கள். அவை மாறினால் ஆப்ட் ‘இந்தக் களஞ்சியம் தன் அடையாளத்தை மாற்றிக்கொண்டது, ஏற்கிறீர்களா’ என்று கேட்டு நிற்கும். படிப்பகத்தில் தானாக ஓடும் கணினிக்கு முன்னால் பதில் சொல்ல யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

பதிவேற்றும் வரிசையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல விரும்புகிறேன். நான் அடிபட்டுக் கற்ற பாடம் அது. ஒரு ஜூலை மாத மழையில், கோப்புறை முழுவதையும் ஒரே கட்டளையில் மேலே அனுப்பிக்கொண்டிருந்தேன். அகரவரிசையில் அட்டவணைக் கோப்புறை முன்னால் போய்விட்டது. டெப் கோப்புகள் இருக்கும் கோப்புறை போவதற்குள் இணைப்பு அறுந்தது. மின்சாரமும் போனது. மறுநாள் மாலை வரை எதுவும் வரவில்லை. அந்த நேரத்தில் மஞ்சூர்ப் பக்கம் நன்றாக இருந்த இணைப்பில் கணினிகள் தானாகப் புதுப்பிக்கப் போயின. அட்டவணையில் புதிய பதிப்பு இருக்கிறது, கோப்போ இல்லை. எல்லாம் பிழையில் நின்றன. ஒரு பள்ளி ஆசிரியை, மாணவர்களை உட்காரவைத்துவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது என்னால் செய்ய முடிந்தது எதுவுமில்லை. என் வீட்டில் விளக்குகூட இல்லை.

அன்றிலிருந்து வரிசை இதுதான். முதல் ஓட்டத்தில் டெப் கோப்புகள் மட்டும் போகும். அவை எல்லாம் போய்ச் சேர்ந்தன என்று சரிபார்த்த பிறகு பேக்கேஜஸ் அட்டவணைகள் போகும். இன்ரிலீஸ் கடைசியில், தனியாகப் போகும். எந்த இடத்தில் இணைப்பு அறுந்தாலும் கணினிகள் பழைய இன்ரிலீஸைப் படித்துப் பழைய பதிப்போடு நிம்மதியாக இருக்கும். பழைய டெப் கோப்புகளை அன்றே அழிக்காதீர்கள். காலையில் அட்டவணையை வாங்கிக்கொண்டு மாலையில் கோப்பைக் கேட்கும் கணினி உண்டு; நான் 60 நாள் வைத்திருக்கிறேன்.

இதிலும் ஒரு சிறு ஓட்டை இருக்கிறது. புதிய பேக்கேஜஸ் போய், இன்ரிலீஸ் இன்னும் போகாத இடைவெளியில் ஒரு கணினி வந்தால் ஹாஷ் பொருந்தாது. ‘ஹாஷ் சம் மிஸ்மேட்ச்’ என்று ஆப்ட் மறுத்துவிடும். நடுவில் பிரதிகளை வைத்துக்கொடுக்கும் இடைநிலை வழங்கிகள் ஒரு கோப்பின் பழைய பிரதியையும் மற்றொன்றின் புதிய பிரதியையும் கொடுத்துவிட்டால் இது மணிக்கணக்கில் நீளும். இதற்கு ‘பை-ஹாஷ்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. அட்டவணைக் கோப்பை அதன் ஹாஷ் எண்ணையே பெயராக்கி இன்னொரு பிரதியாக வைத்து, அப்படி வைத்திருப்பதை ரிலீஸ் கோப்பில் ஒரு வரியால் அறிவித்துவிட வேண்டும். பழைய அட்டவணை பழைய பெயரில் இருக்கும், புதியது புதிய பெயரில் இருக்கும். ஒன்றை மற்றொன்று அழிக்காது. டெபியன் 12இல் உள்ள ஆப்ட்டுக்கு இது தெரியும். பத்து வரி நிரலில் செய்துவிடலாம், கட்டாயம் செய்யுங்கள்.

அதோடு சேர்த்து, கோப்புகள் எவ்வளவு காலம் இடைநிலையில் தங்கலாம் என்பதையும் பதிவேற்றும்போதே குறித்துவிடுங்கள். டெப் கோப்புகளுக்கும் பை-ஹாஷ் கோப்புகளுக்கும் ஓராண்டு கொடுக்கலாம். இன்ரிலீஸுக்கு ஒவ்வொரு முறையும் மூலத்திடம் கேட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இந்த ஏற்பாடு நிலைக்க ஒரு நிபந்தனை உண்டு: ஒரு பதிப்பு எண்ணில் வெளியான டெப் கோப்பின் உள்ளடக்கத்தை மாற்றவே கூடாது. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் புதிய எண் கொடுங்கள். எண்களில் அலைக்குறியின் பயனையும் அறிந்துகொள்ளுங்கள்: 1.4~1 என்பது 1.4ஐவிடப் பழையதாகக் கருதப்படும். டெபியனே அந்த மென்பொருளை 1.4 என்று பிற்பாடு வெளியிட்டால், உங்கள் கணினிகள் தாமாகவே அதற்கு மாறிக்கொள்ளும். கூட்டல் குறியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அமேசான் எஸ்3 வகைச் சேமிப்பகங்கள் முகவரியில் வரும் கூட்டல் குறியை இடைவெளி என்று எடுத்துக்கொண்டு ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று சொல்லிவிடுவதுண்டு. ஆப்ட்லியில் இதற்கென்றே தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள்.

வழங்கி யாருடையதோ என்றால் பாதுகாப்பு என்னாவது என்ற கவலை உங்களுக்கு இருப்பது கேள்வியில் தெரிகிறது. நியாயமான கவலை. மேலே சொன்ன சங்கிலியை மறுபடி பாருங்கள். கையொப்பமிட நீங்கள் பயன்படுத்தும் ஜிபிஜி சாவி இன்ரிலீஸை உறுதிசெய்கிறது, இன்ரிலீஸ் பேக்கேஜஸை உறுதிசெய்கிறது, பேக்கேஜஸ் டெப் கோப்பை உறுதிசெய்கிறது. நடுவில் யாராவது டெப் கோப்பை மாற்றி வைத்தால் கணினி ஏற்காது. ஆகவே முழுப் பொறுப்பும் சாவியிடம் வந்து சேர்கிறது. முதன்மைச் சாவியை இணையத்தோடு தொடர்பில்லாத பென் டிரைவில் வைத்து, அன்றாடக் கையொப்பத்துக்குத் துணைச்சாவி ஒன்றைப் பயன்படுத்துங்கள். இரண்டு பிரதிகள் இரண்டு ஊர்களில் இருக்கட்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைப்பதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச்சாவியையும் களஞ்சிய முகவரிக் கோப்பையும் சேர்த்து ஐந்தாவதாக ஒரு சிறு பொதி செய்யுங்கள். டெபியனும் தன் சாவிகளை இப்படித்தான் பொதியாகவே அனுப்புகிறது. சாவியின் காலம் முடியும் முன் நீட்டித்து அந்தப் பொதியைப் புதுப்பித்தால் 45 கணினிகளுக்கும் தானாகப் போய்விடும். முடிந்த பிறகு நினைவுக்கு வந்தால் அந்தப் புதுப்பிப்பையே கணினி ஏற்க மறுக்கும். நாட்காட்டியில் மூன்று மாதம் முன்னதாகவே குறித்துவையுங்கள். முகவரிக் கோப்பில் ‘சைன்ட்-பை’ என்ற குறிப்பால் இந்தச் சாவி இந்தக் களஞ்சியத்துக்கு மட்டுமே செல்லும் என்று கட்டிவிடுங்கள். பழைய வழிகாட்டிகளில் காணும் ‘ஆப்ட்-கீ’ முறை சாவியை எல்லாக் களஞ்சியங்களுக்கும் பொதுவாக்கிவிடும்; அது கைவிடப்பட்ட முறை.

‘வேலிட்-அன்டில்’ என்ற காலக்கெடு வரி ஒன்றும் உண்டு. பழைய, ஓட்டையுள்ள அட்டவணையையே யாரோ திரும்பத் திரும்பக் கொடுத்து ஏமாற்றுவதை அது தடுக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் கெடு முடிவதற்குள் நீங்கள் மறுபடி கையொப்பமிட்டுப் பதிவேற்ற வேண்டும். பெரிய நிறுவனங்கள் ஏழு நாள் வைக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஒரு வாரம் இணைப்பு இல்லாமல் இருக்க நேரும் கோத்தகிரிக்கு 45 நாளாவது வேண்டும் என்பது என் கருத்து.

தொகுக்கும் இடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். கணினிகளில் ஓடும் அதே டெபியன் பதிப்பின் தூய்மையான சூழலில், ‘எஸ்பில்டு’ போன்ற கருவிக்குள் தொகுங்கள். புதிய டெபியனில் தொகுத்தால், மென்பொருள்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நிரல் தொகுப்பான சி நூலகத்தின் புதிய பதிப்பைக் கேட்கும். பழைய கணினியில் நிறுவவே முடியாது. அடுத்தது, சில மென்பொருள்களின் தொகுப்புக் கோப்பில் ‘மார்ச் நேட்டிவ்’ என்ற விருப்பத்தைப் போட்டுவைத்திருப்பார்கள். தொகுக்கும் கணினியின் செயலிக்கு மட்டும் பொருந்தும் கட்டளைகளை அது சேர்த்துவிடும். உங்கள் புதிய கணினியில் அழகாக ஓடும், பத்தாண்டு பழைய மடிக்கணினியில் திறந்த நொடியே விழுந்துவிடும். எழுத்துணரி போன்ற கணக்கு மிகுந்த மென்பொருள்களில் இதைத் தேடிப் பார்த்து நீக்குங்கள். உங்கள் 45இல் ஏதாவது 32 பிட் கணினி இருந்தால் அதற்குத் தனித்திட்டம் வையுங்கள். டெபியன் 13இல் அந்த வகைக்கு நிறுவும் கருவி கிடையாது.

நூல் இரவல் பதிவேட்டுக்கு வேண்டிய பைத்தான் கூறுகளையும் இதே சேமிப்பகத்தில் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், ஆனால் ஒரு தடை இருக்கிறது. பைத்தான் கூறுகளை நிறுவும் பிப் கருவி ஒவ்வொரு கூறுக்கும் கோப்புறை முகவரியைக் கேட்கும். அங்கே இணைப்புகள் அடங்கிய எச்டிஎம்எல் பக்கம் வர வேண்டும். கோப்புறையைக் கேட்டால் அதற்குள் இருக்கும் முகப்புப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் பல பொருள் சேமிப்பகங்களுக்கு இல்லை. எல்லாக் கோப்புகளுக்கும் இணைப்புத் தரும் ஒரே பக்கத்தை எழுதி, ‘ஃபைண்ட்-லிங்க்ஸ்’ விருப்பத்தில் அதன் முழு முகவரியைக் கொடுத்தால் வேலை நடக்கும். பொதுக் களஞ்சியத்தோடு உங்களுடையதைக் கூடுதலாகச் சேர்க்கும் விருப்பத்தைப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் கூறின் பெயரிலேயே வேறொருவர் பொதுக் களஞ்சியத்தில் பெரிய பதிப்பெண்ணோடு ஒன்றைப் போட்டால் பிப் அதை எடுத்துக்கொள்ளும். பல பெரிய நிறுவனங்களின் அமைப்புகளுக்குள் இந்த வழியில் நுழைந்ததை ஓர் ஆய்வாளர் 2021இல் வெளியிட்டார். என்னைக் கேட்டால், அந்தக் கூறுகளை டெப் பொதிக்குள்ளேயே அடைத்துவிடுங்கள். ஒரே வழி, ஒரே சாவி.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது மழைக்காலத்தில்தான் தெரியவரும். களஞ்சியம் முழுவதும் வெறும் கோப்புகள் என்பதால் அதை ஒரு பென் டிரைவில் அப்படியே நகலெடுக்கலாம். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் பெய்த 2019 ஆகஸ்ட் மழைக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கம்பிவடங்கள் பல நாள் செயலிழந்து கிடந்தன. கிண்ணக்கொரைப் பக்கம் போகிறவரிடம் பென் டிரைவைக் கொடுத்தனுப்பினேன். அங்கே கணினியில் செருகி, முகவரிக் கோப்பில் இணைய முகவரிக்குப் பதில் அந்தக் கோப்புறையைக் காட்டியதும் புதுப்பித்தல் ஓடியது. கையொப்பச் சங்கிலி கோப்புகளோடேயே பயணம் செய்கிறது. பஸ்ஸில் வந்தாலும் இணையத்தில் வந்தாலும் கணினி அதே கண்டிப்போடு சரிபார்க்கும். கொண்டுபோனவரை நம்ப வேண்டிய தேவைகூட இல்லை. இணைப்பு அடிக்கடி அறுபடும் ஊர்களில் ‘ராஸ்பெரி பை’ என்ற சிறு கணினி ஒன்றில் இந்த நகலை நிரந்தரமாக வைத்து, இரவில் மட்டும் புதுப்பித்துக்கொள்ளச் செய்யலாம். அதில் என்ஜின்எக்ஸ் என்ற வழங்கி மென்பொருள் இருந்தால் போதும்.

இப்போதைய வாடகை வழங்கியை உடனே நிறுத்திவிடாதீர்கள். அதே சாவியால் கையொப்பமிட்ட புதிய களஞ்சியத்தை முதலில் ஏற்றி, ஒரு கணினியில் மட்டும் ஒரு வாரம் சோதியுங்கள். பிறகு பழைய முகவரிக்கு வரும் கேள்விகளைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். ஆப்ட் அதைப் பின்தொடரும். புதிய முகவரி எச்டிடிபிஎஸ் ஆகவே இருக்கட்டும், பாதுகாப்பான முகவரியிலிருந்து பாதுகாப்பற்றதற்குத் திருப்பினால் ஆப்ட் மறுத்துவிடும். ஐந்தாவது பொதியின் புதிய பதிப்பில் புதிய முகவரியை எழுதி வெளியிட்டால் கணினிகள் ஒவ்வொன்றாக மாறிக்கொள்ளும். பழைய வழங்கியின் பதிவேட்டை வாரம் ஒருமுறை பாருங்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கணினிகள் கடைசியாகத்தான் வரும் என்பதால், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து வாடகையை நிறுத்துங்கள்.